குட்டி விரல் வீடு

ஒரு ஊர்ல, பனங்காட்டுக்கும் செம்மண் மேட்டுக்கும் நடுவுல, ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் ராஜா படையோட ஈட்டி தூக்கிக்கிட்டு சண்டைக்குப் போனவன். சண்டை முடிஞ்சு ராஜா திரும்பி வந்தார், ராஜாவோட யானை திரும்பி வந்துச்சு, யானை மேல இருந்த முரசும் திரும்பி வந்துச்சு, அவன் மட்டும் வரலை. அப்போ ஆவுடைக்கு வயித்துல பிள்ளை. பிறக்கப்போற பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை முடையணும்னு பனையோலை வெட்டினாளாம். அரிவாள் கைநழுவி விழுந்துச்சு. அவ அதைப் பிடிக்கப்போக, வலது கை மோதிர விரல்ல பாதி போயிருச்சு. போனது போகட்டும்னு துணியைச் சுத்திக்கிட்டு, மிச்ச விரலை வச்சே கிலுகிலுப்பையை முடைஞ்சு முடிச்சாளாம். அப்படிப்பட்டவ.

பிறந்தது பொம்பளைப் பிள்ளை. பேர் குருவு. வீட்டுல தாயும் மகளும், புருஷனோட அக்கா நாச்சியாரும், அவ்வளவுதான் ஆளு.

குருவுக்கு விளையாட ஒண்ணுமில்லைன்னு ஒருநாள்கூட இருந்ததில்லை. ஓலை விழுந்தா ஆவுடை அதைக் கிழிச்சுக் குறுக்கும் நெடுக்குமா மடிச்சு, நடுவுல கருவேல முள்ளைக் குத்திக் காத்தாடி பண்ணுவா. தென்னங்குரும்பை உதிர்ந்தா ஈர்க்குச்சி சொருகித் தேர் பண்ணுவா. மழை பெஞ்சா களிமண்ணை உருட்டிச் சட்டியும் பானையும் அடுப்பும் பண்ணுவா. அப்புறம் மாவு இருக்கிற நாள்ல கொழுக்கட்டை. அரிசிமாவை வறுத்து, கருப்பட்டிப் பாகு ஊத்திக் கிண்டி, கை பொறுக்கிற சூட்டுல ஒரு பிடி பிடிச்சு ஆவியில வச்சா, பிடிச்ச கையோட நாலு விரலும் அதுல பள்ளமா பதிஞ்சிருக்கும், பார்த்திருக்கீங்கள்ல? ஆவுடை பிடிச்சா மூணு பள்ளம் நீளமா இருக்கும், ஒரு பள்ளம் மட்டும் குட்டையா இருக்கும். அந்தக் குட்டைப் பள்ளத்துக்குத்தான் தாயும் மகளும் ஒரு பேர் வச்சிருந்தாங்க. குட்டி விரல் வீடு.

"குட்டி விரல் வீடு எங்க இருக்கு?"ன்னு தாய் கேப்பா. பிள்ளை கொழுக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தப் பள்ளத்துல தன் விரலை வைக்கும். அளந்து செஞ்ச மாதிரி உக்காரும். அப்புறந்தான் அந்த ஓரத்துல இருந்து கடிக்கும். எந்தக் கொழுக்கட்டையானாலும் அப்படித்தான்.

ஒருநாள் அந்த ஊர் வழியா ராணியோட பல்லக்கு போச்சாம். உள்ள ராஜா மகன் அழுறான். பால் கொடுத்தாலும் அழுறான், பழம் கொடுத்தாலும் அழுறான், முத்துமாலையைக் கொடுத்தா அதைத் தூக்கி வெளிய எறிஞ்சிட்டு அழுறான். தெருவுல காத்தாடியோட நின்ன குருவு இதைப் பார்த்துச்சு. பாவம்னு நினைச்சதோ என்னவோ, கிட்டப் போயித் தன் காத்தாடியை நீட்டுச்சு. அவன் வாங்கிக் காத்துல பிடிச்சான். சுத்துச்சு. அழுகை நின்னுபோச்சு.

திரைக்குள்ள இருந்து ராணி கேட்டா, யார் செஞ்சதுன்னு.

"எங்கம்மா"ன்னு சொல்லி, குருவு பெருமையா வீட்டைக் கைகாட்டுச்சாம்.

அந்தப் பிள்ளை கை காட்டாம இருந்திருந்தா இந்தக் கதையே இல்லை. ஆனா தாயைக் கேட்டா காட்டத்தானே செய்யும்.

மறுநாள் விடியுமுன்ன அரண்மனை வண்டி வாசல்ல நின்னுச்சு. ஆவுடை அரண்மனைக்கு வரணும், ராஜா மகனுக்கு விளையாட்டுச் சாமானும் பலகாரமும் செய்யணும்னு வண்டியோட வந்த காவக்காரன் சொன்னான். வரமாட்டேன்னு சொல்றதுக்கு அதுல இடமில்லை. அப்போ பிள்ளையையும் கூட்டிக்கிறேன்னா. பிள்ளைக்கு வண்டியில இடமில்லைன்னான். அத்தனை பெரிய வண்டி, வெறும் வைக்கோலைப் போட்டு வச்சிருந்தான், அதுல ஒரு சின்னப் பிள்ளைக்கு இடமில்லையாம்.

குருவை நாச்சியார் இடுப்புல வச்சிட்டு, "அம்மா நாளைக்கே வந்துருவேன்"னு சொல்லிட்டு ஆவுடை வண்டி ஏறினா. பொய் சொல்லணும்னு சொல்லலை. அப்படித்தான் அவ நினைச்சா.

அரண்மனையில அவளுக்குப் பின்கட்டுல ஒரு அறை, ஒரு அடுப்பு. ராணி வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசுவாளாம். செஞ்சு முடிச்சதைத் தட்டுல வச்சுத் திரைக்கு அடியில தள்ளணும். ராணி தட்டைப் பார்ப்பா, சாமானைப் பார்ப்பா, தள்ளின கையைப் பார்த்ததே இல்லை. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

"இங்க நீ இருக்கிறது யாருக்கும் தெரியக்கூடாது. யார் கேட்டாலும் ராணியம்மா செஞ்சதுன்னு சொல்லணும். தெரிஞ்சுதா?"ன்னா ராணி.

ஏன்னு கேக்கிறீங்களா? முன்கட்டுல ஒரு மண்டபம். அதுல அந்தக் காத்தாடியும் தேரும் பொம்மையும் வரிசையா அடுக்கி வச்சிருக்கும். வெளிநாட்டு ராணிகள் வந்தா கூட்டிப்போய்க் காட்டுவா. "வேலைக்காரிங்க கையில பிள்ளையை விடலாமா அக்கா? நான் எல்லாத்தையும் என் கையாலதான் செய்றது. காலையில ஒரு பொம்மை, மத்தியானம் ஒரு பலகாரம், சாயந்தரம் ஒரு பாட்டு. பிள்ளை வளர்ப்புன்னா சும்மாவா"ம்பாளாம். வந்தவங்க மூக்குல விரலை வச்சுப் பார்த்துட்டு, ஊருக்குப் போய் அவங்க வீட்டு வேலைக்காரிகளைத் திட்டுவாங்களாம்.

அந்த மண்டபத்துச் சாமான்ல ஒண்ணையும் ராஜா மகன் தொடக்கூடாது. தொட்டா உடைஞ்சு போகும்ல.

தொடக்கூடாதுன்னா பிள்ளை சும்மா இருக்குமா? அவன் சாளரத்து வழியா ஊர்ந்து பின்கட்டுக்கு வந்துட்டான். அங்க ஆவுடை, கோணிப்போனது, கீறல் விட்டதுன்னு கழிச்சதையெல்லாம் மூலையில போட்டு வச்சிருந்தா. அதுதான் அவனுக்கு விளையாட்டுச் சாமான். அவனுக்கு அரண்மனை மதில் நீளத்துக்கு ஒரு பேர் உண்டு. ஆவுடை 'தம்பி'ன்னு கூப்பிட்டா, அவனுக்கு அதுவே பிடிச்சுப்போச்சு.

ஒருநாள் அவனுக்கு ஒரு கொழுக்கட்டையைக் கொடுத்தவ, தன்னையறியாம, "குட்டி விரல் வீடு எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டா. கேட்ட வாயைக் கையால பொத்திக்கிட்டா. குருவுகிட்டச் சொல்ற பேச்சு அது. அதை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துட்டோமேன்னு அவளுக்கு நெஞ்சு எரிஞ்சுது. ஆனா அவன் அதுக்குள்ள கண்டுபிடிச்சு விரலை வச்சுட்டான். சிரிக்கிறான். சிரிக்கிற பிள்ளைகிட்ட என்னத்தைத் திருப்பி வாங்குறது?

மாசம் ஒண்ணு போச்சு. உப்பு வண்டிக்காரர் ஒருத்தர் அவ ஊர் வழியா வந்து அரண்மனைப் பின்வாசல்ல உப்பு அளப்பார். குருவு எப்படியிருக்குன்னு அவர்கிட்டக் கேட்டா. "வண்டிச் சத்தம் கேட்டா ஓடி வந்து ரோட்டுல நிக்குது தாயி, நீ இறங்குவியான்னு பாக்குது"ன்னார். ஆவுடை ஓடிப்போய்த் திரை முன்னால நின்னு, ஊருக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டா.

"கீழை நாட்டு ராணி வர்றா. குரும்பைத் தேர் ஒண்ணு செஞ்சு வச்சிட்டுப் போ"ன்னா ராணி.

செஞ்சா. தேர் நல்லா இருக்கு, இன்னும் ஏழெட்டுச் செய்யுன்னுட்டா ராணி, அது முடியறதுக்குள்ள பல மாசம் போச்சு. திரும்பவும் உப்பு வண்டிக்காரரைக் கேட்டா. "இப்ப ரோட்டுக்கு ஓடி வரலை தாயி, வாசல்ல நின்னு எட்டிப் பாக்குது"ன்னார். ஆவுடை ஓடிப்போய்த் திரை முன்னால நின்னு கேட்டா.

"மேலை நாட்டு ராணி வர்றா. மண்சொப்பு செஞ்சு வச்சிட்டுப் போ"ன்னா ராணி.

அதையும் செஞ்சா. மழை வந்துச்சு, வெயில் வந்துச்சு, மறுபடி மழை வந்துச்சு, இப்படியே வருசம் பல போச்சு. உப்பு வண்டிக்காரரைக் கேட்டா. அவர் சந்தோசமாச் சொன்னார்: "இப்ப எட்டிக்கூடப் பாக்கறதில்லை தாயி. அது பாட்டுக்கு நாச்சியார் பின்னாடியே திரிஞ்சு நல்லா விளையாடுது. நீ ஒண்ணும் கவலைப்படாத."

நல்ல மனுசர். நல்ல சேதின்னு நினைச்சுத்தான் சொன்னார். ஆவுடை அடுப்புல இருந்ததை அப்படியே விட்டுட்டா. நேராத் திரைக்கு வந்து, இன்னைக்கே போகணும்னா.

"அடுத்த வாரம் பட்டத்துப் பிள்ளைன்னு சபையில பேர் சொல்ற நாள். கொழுக்கட்டை பிடிச்சு வச்சிட்டு நீ போய்க்கோ. இந்தத் தடவை சத்தியம்"னா ராணி.

அந்த நாட்டுல ஒரு வழக்கமாம். ராஜா மகன் பெரிய பிள்ளையானதும் சபை கூட்டி, பெத்தவ தன் கையால செஞ்ச பலகாரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கணும். பிள்ளை அதை வாங்கி, 'இது என் அம்மா கைப்பிடி'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுத் தின்னணும். அப்புறந்தான் அவனைப் பட்டத்துப் பிள்ளைன்னு ஒத்துக்குவாங்க.

சபை கூடுச்சு. கீழை நாட்டு ராணி, மேலை நாட்டு ராணி, எல்லாரும் வந்தாச்சு. ராணி பட்டுச்சேலை கட்டி, விரலுக்கு விரல் மோதிரம் போட்டு, வெள்ளித் தட்டை எடுத்துக்கிட்டு வந்தா. ராஜா மகன் ஒரு கொழுக்கட்டையை எடுத்தான். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தான். குட்டைப் பள்ளத்துல விரலை வைக்கப் போனவன், என்ன நினைச்சானோ, ராணியோட கையைப் பிடிச்சு இழுத்து, அவ விரலை ஒவ்வொண்ணாப் பள்ளத்துல வச்சுப் பார்த்தான். ஒண்ணு சரியா உக்காந்துச்சு. ரெண்டாவதும் உக்காந்துச்சு. மூணாவது, மோதிர விரல், பள்ளத்தைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

"இது உங்க கை இல்லையே"ன்னான்.

ராணி சிரிச்சுச் சமாளிச்சா. சொல்லுடா கண்ணு, சொல்லுன்னு கெஞ்சினா. அவன் கொழுக்கட்டையைக் கையில வச்சுக்கிட்டுச் சபையை விட்டு இறங்கி நடந்தான். மண்டபத்தைத் தாண்டி, முன்கட்டைத் தாண்டி, பின்கட்டுக்குப் போனான். ராஜா பின்னால போனார், சபையே அவர் பின்னால போச்சு. அங்க ஊருக்குப் போறதுக்குத் துணிமூட்டையைக் கட்டிக்கிட்டு ஆவுடை உக்காந்திருந்தா. அவ கையைப் பிடிச்சு விரிச்சு, அந்தப் பாதி விரலைப் பள்ளத்துல வச்சான். சரியா உக்காந்துச்சு.

"இது என் அம்மா கைப்பிடி"ன்னு சொல்லிட்டுத் தின்னான்.

ராஜா கெட்டவர் இல்லை. எதையும் கடைசியா வந்து கேக்கிறவர், அவ்வளவுதான். அன்னைக்குக் கேட்டார், எல்லாத்தையும் கேட்டார். கேட்டுட்டு ராணியைப் பார்த்து, "உன் பிள்ளை எப்போ உன் கைப்பிடின்னு சொல்றானோ, அதுவரைக்கும் நீ இந்தப் பின்கட்டு அடுப்பை விட்டு எழுந்திரிக்கக் கூடாது"ன்னார்.

ஆவுடைகிட்ட, நீ முன்கட்டுக்கு வா, உனக்குப் பட்டு தர்றேன், பல்லக்கு தர்றேன், பிள்ளைக்குத் தாயா இருன்னார்.

"எனக்கு ஒரு வண்டி போதும் மகாராசா"ன்னா ஆவுடை.

அந்தப் பிள்ளை அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. ஒரு விரலை எடுத்தா இன்னொரு விரலால பிடிக்கிறான். ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்துட்டு, திரும்பிப் பார்க்காம வண்டி ஏறினா. திரும்பிப் பார்த்தா போக முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்.

ராணி அன்னைக்கே அடுப்புல உக்காந்தா. முதல்ல மோதிரத்தோட பிடிச்சா, மாவுல மோதிரந்தான் பதிஞ்சுது. பையன் பார்த்துட்டுக் கீழ வச்சுட்டான். மோதிரத்தைக் கழட்டிட்டுப் பிடிச்சா, சூடு பொறுக்காமக் கையை உதற, மாவு விரிஞ்சுபோச்சு. பையன் கீழ வச்சுட்டான். மோதிர விரலை மடக்கிக்கிட்டுப் பிடிச்சா, விரல் கணு பதிஞ்சு கன்னிப்போன மாதிரி இருந்துச்சு. பையன் அதையும் கீழ வச்சுட்டான். இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காளாம். கீழை நாட்டு ராணியும் மேலை நாட்டு ராணியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்களாம்.

சரிதான், அவளுக்கு வேணும்ங்கிறீங்களா? இருங்க, வண்டி இன்னும் ஊர் போய்ச் சேரலை.

ஆவுடை வந்து இறங்கினப்போ வாசல்ல ஒரு பிள்ளை தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்துச்சு. நெடுநெடுன்னு வளர்ந்த பிள்ளை. ஆவுடையைப் பார்த்துட்டு, "அத்தை, யாரோ வந்திருக்காங்க"ன்னு உள்ள குரல் கொடுத்துச்சு.

நாச்சியார் ஓடிவந்தா. அழுதா. "ஏ குருவு, உங்கம்மாடி"ன்னா. பிள்ளை நாச்சியார் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, வாங்கன்னு மரியாதையாச் சொல்லுச்சு. வாங்கன்னு.

ஆவுடை நேரா அடுப்படிக்குப் போனா. மாவை வறுத்தா, பாகு காய்ச்சினா, சூட்டோட சூடாப் பிடிச்சா, ஆவியில வச்சு எடுத்தா. ஒண்ணை எடுத்துப் பிள்ளை கையில கொடுத்தா.

"குட்டி விரல் வீடு எங்க இருக்கு?"

பிள்ளை முழிச்சுச்சு. அப்புறம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சோ என்னவோ, கொழுக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. குட்டைப் பள்ளத்தைக் கண்டுபிடிச்சுச்சு. விரலை வச்சுச்சு. விரல் நீளமா வளர்ந்து போச்சு, பள்ளத்துல அடங்கலை. அழுத்திப் பார்த்துச்சு. ஓரம் பிஞ்சு வந்துருச்சு.

தப்புப் பண்ணிட்டோமோன்னு பயந்து பிள்ளை நிமிர்ந்து பார்த்துச்சு. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லி, பாதியைப் பிட்டு அத்தைக்குக் கொடுத்துட்டு, மிச்சத்தை நடுவுல இருந்து கடிச்சுத் தின்னுச்சு.

ராணி செஞ்ச குத்தத்துக்கு ராணி அடுப்புல உக்காந்தா. ஆவுடை என்ன குத்தம் செஞ்சான்னு கேட்டா, அதுக்குக் கதையில பதில் இல்லை. பிள்ளைக்கு என்ன செஞ்சு கொடுத்தாலும் அது வளர்ற நேரத்துல பக்கத்துல இருக்கணும், இருக்க விடணும், அவ்வளவுதான்.

அடுப்பு அணைஞ்சுது, கொழுக்கட்டை ஆறுச்சு, கதையும் அதோட சரி.