சொன்னதைத் திரும்ப வாங்கிய சொக்கப்பன்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பொழுது அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய சபையில் சொக்கப்பன் என்றொரு விகடன். அவன் வாயைத் திறந்தால் போதும், ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒரு நாள் ராஜாவுக்கு விபரீதமான ஆசை வந்தது. இத்தனை சிரிப்பையும் சபைக்குள்ளேயே பூட்டி வைக்கலாமா? சொக்கப்பன் காலையில் சபையில் சொல்வதை மாலையில் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

தமுக்கடிக்கும் இருளப்பன் ஒழுங்கான ஆள். விகடத்தைச் சொல்லி முடித்ததும், "இதைக் கேட்டு ராஜா சிரித்தார்!" என்று கூவி இன்னொரு அடி அடிப்பான். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் ஊர் கொண்டாடித்தான் தீர்த்தது. சொக்கப்பனைப் போலவே கோணலாகத் தலைப்பாகை கட்டினார்கள். சந்தையில் சொக்கப்பன் பொம்மை விற்றது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சொக்கப்பன் விகடம் சொல்லிச் சோறூட்டினார்கள். ஆனால் பாயசமே ஆனாலும் மூன்று வேளையும் குடிக்க முடியுமா? கொஞ்ச காலத்தில் தமுக்குச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

இது சொக்கப்பனுக்கும் தெரியும். தினமும் விடிந்தால் அவனுக்கு இதே கவலைதான். இன்றைக்கு எதைச் சொல்வது? நேற்றைக்குச் சொன்னது யாரைச் சுட்டதோ?

"ஒரு நாளாவது வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்ல இருங்களேன்" என்பாள் அவன் மனைவி செங்கமலம்.

"ராஜா கேட்கிறாரே" என்பான் அவன். பாவம், வேறென்ன சொல்வான்?

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. மழை வராவிட்டால் அந்த ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பது வழக்கம். வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, பாடையில் போட்டு, மாரடித்து அழுதுகொண்டே கல்லிலும் முள்ளிலும் தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். அந்த அழுகை அரண்மனைவரை கேட்டது. ராஜாவின் முகம் வாடியது. அவர் சொக்கப்பனைப் பார்த்தார். அன்றைக்கு அவனிடம் சரக்கே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"அரசே, இவர்கள் அழுகிற அழுகையைக் கேட்டால் மேகம் இதைச் சாவு வீடு என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடும்."

ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. சொக்கப்பனுக்கு மட்டும் சொன்ன மறுகணமே நாக்கு கசந்தது.

சபையில் பிரதானி விருத்தகிரி என்று ஒரு மந்திரி இருந்தார். ராஜாவின் வலப்பக்க ஆசனத்தைச் சொக்கப்பனிடம் பறிகொடுத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அன்று மாலை இருளப்பனைக் கூப்பிட்டு, அந்தப் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் கையும் காலும் வைத்து அனுப்பினார்.

மாலையில் தமுக்கு கேட்டது. ஊர் கொதித்துவிட்டது. தலைப்பாகைகள் அவிழ்ந்தன. பொம்மைகள் நடுத்தெருவில் உடைந்தன. சொக்கப்பன் வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. அடுத்த கொடும்பாவிக்குச் சொக்கப்பன் முகத்தையே வரைந்தார்கள். மறுநாள் கூட்டம் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது.

ராஜாவுக்கு வியர்த்தது. பிரதானி பணிவாக எழுந்தார்.

"அரசே, சொன்னவர் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். ஊரார் வாயில் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. அமாவாசைக்குள் பெறாவிட்டால், வைக்கோல் பாவிக்குப் பதிலாக இவரையே கட்டி இழுக்கட்டும். ஜனங்களின் கோபமும் அடங்கும். ஒருவேளை மழையும் வரும்."

கல்லிலும் முள்ளிலும் இழுத்தால் வைக்கோலுக்கு ஒன்றும் ஆகாது. மனிதன் பிழைப்பானா? ராஜா வாசலில் இரைந்த கூட்டத்தைப் பார்த்தார், சொக்கப்பனைப் பார்க்கவில்லை. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சொக்கப்பன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். சொன்ன சொல்லை எவனாவது திரும்பப் பெற்றதுண்டா?

"நெசமாவே நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"சொன்னேன்."

"அழுதவங்கள்ல என் தங்கச்சியும் இருந்தா. தெரியுமா?"

அவன் சோற்றைத் தள்ளி வைத்தான்.

"குடுத்தது நீங்கதானே? அப்ப நீங்கதான் போய் வாங்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள்.

சொக்கப்பன் பிசைந்த கையோடு எழுந்தான்.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு கூடையோடு உட்கார்ந்தான். ராஜாவும் சபையும் மேல்மாடத்திலிருந்து பார்த்தார்கள். "என் சொல்லை வைத்திருப்பவர்கள் திருப்பிக் கொடுக்கலாம். ராஜ உத்தரவு!" என்றான். கூட்டம் நெருக்கியது. சிலர் கையில் பாடைக் கயிறு இருந்தது.

எண்ணெய் வியாபாரி ஒருவர் முதலில் வந்தார். "குடியானவன் அழுகையெல்லாம் வேஷம்னு சொன்னியேடா, இந்தா, நீயே வச்சுக்க!"

சொக்கப்பன் கூடையை மூடினான். "இது என்னுடையது இல்லை ஐயா. அடுத்தவர் சொத்தை நான் வாங்கினால் அது திருட்டு. யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே கொடுத்துவிடுங்கள்."

அடுத்தவர், "நாங்க செத்தா ஊருக்கு நல்லதுன்னியாமே" என்றார். அதையும் அவன் வாங்கவில்லை. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டினார். அவர் தன் மாமியாரைக் காட்டினார். மாமியார் தெருமுனையைக் காட்டினாள். எல்லா விரலும் கடைசியில் இருளப்பனிடம் போய் நின்றன.

அவன் தமுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி, சாவு வீடுங்கிறது மட்டுந்தான் சபையில சொன்னது. மத்ததெல்லாம் பிரதானி ஐயா சேத்துச் சொல்லச் சொன்னாருங்க!"

பாடைக் கயிறு வைத்திருந்தவர்கள் மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பிரதானி தூணுக்குப் பின்னால் போனார்.

இதோடு நிறுத்தியிருந்தால் சொக்கப்பன் ஜெயித்தான் என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னுருவி என்ற பெண் வந்தாள்.

"சாவு வீடுன்னு நெனச்சு மேகம் ஒதுங்கிப் போயிரும்னீங்களே, அது யாருதுங்க?"

சொக்கப்பன் எழுந்து நின்றான். "அது என்னுடையதுதான் அம்மா."

"எங்க வீடு சாவு வீடுதாங்க. ரெண்டு உழவு மாடும் தண்ணியில்லாம செத்துப்போச்சு. அதுக்குத்தான் அழுதேன். அதைக் கேட்டு ராஜாவே சிரிச்சாருன்னு தமுக்கடிச்சாங்க."

அவனுக்கு அப்போது ஒரு விகடமும் வரவில்லை. கூடையைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தினான். "போடுங்கம்மா. தப்பு என்னுடையது."

அவள் கூடைக்குள் குனிந்து அந்தச் சொல்லை அப்படியே சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். சொக்கப்பனும் அழுதான். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பலர் வந்து அதே சொல்லைப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் தலை குனிந்தான். கயிற்றைப் பிடித்திருந்த கைகள் மெல்லத் தளர்ந்தன.

பிறகு அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடத்துக்குப் போனான்.

"அரசே, என் சொல்லை வாங்கிக்கொண்டேன். பிரதானியாரின் சொற்கள் கீழே காத்திருக்கின்றன. அவர் போய் வாங்கிக்கொள்ளட்டும். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஊருக்குப் போனது என் சொல் மட்டுமல்ல, தங்கள் சிரிப்பும்தான். அதைத் தாங்கள்தான் திரும்பப் பெற வேண்டும்."

ராஜாவின் முகம் சிவந்தது. ராஜா கீழே பார்த்தார். பொன்னுருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரித்த சிரிப்பை எப்படியடா திரும்பப் பெறுவது?" என்றார் ராஜா. குரல் இறங்கியிருந்தது.

"அடியேனுக்குத் தெரியாது அரசே. திரும்பப் பெறும் வித்தையைக் கண்டுபிடித்தவர் பிரதானியார். அவரைத்தான் கேட்க வேண்டும்."

தூணுக்குப் பின்னால் பிரதானியின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக் கீழே யாரோ சிரித்தார்கள். கூட்டமே சிரித்தது. ராஜாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை பொன்னுருவி சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் சிரித்தார்.

கீழே இறங்கி வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அரண்மனைத் தொழுவத்திலிருந்து ஒரு ஜோடி உழவு மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார். சொல்லை வாங்கிக்கொள்ளப் பிரதானியைக் கூட்டத்துக்குள் அனுப்பினார். அவர் வாங்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ராஜா சொக்கப்பனுக்குப் பொற்கிழி நீட்டினார். அவன் வாங்கவில்லை. "என் பேச்சுக்கு இனித் தமுக்கு வேண்டாம்" என்று மட்டும் கேட்டான். ராஜா சரி என்று சொல்லி, கிழியைச் செங்கமலத்திடம் கொடுத்தனுப்பினார்.

மழை உடனே வந்துவிடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டு கொட்டியது. அழுகைக்குத்தான் வந்தது என்றார்கள் சிலர். மன்னிப்புக்கு வந்தது என்றார்கள் சிலர். சண்டை முற்றி, எல்லோரும் நனைந்துகொண்டே சொக்கப்பன் வீட்டு வாசலுக்கு வந்து, "நீயே சொல்லப்பா, மழை எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டார்கள்.

சொக்கப்பன் வெளியே வந்தான். எல்லோரையும் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து நனைந்தான்.