நான்காம் வேற்றுமையில் ஒரு பெரியவர்

“சாமி, அந்தச் சடையனை இன்றே மடத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும்.”

இப்படி வந்து நின்றவர் புலவர் ஆலாலசுந்தரம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்று, ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். கொசு கடித்தாலும் செந்தமிழில்தான் திட்டுவார்.

மடத்தின் தலைவரான அடிகளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்ன செஞ்சான்?”

“அதுதான் தெரியவில்லை. அதனால்தான் சந்தேகம்.”

சடையன் வந்து ஆறு மாதம் ஆகிறது. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முந்தைய தலைவர் பெரியசாமி பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்ப் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது சடையன்தான்.

“உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்கிறான். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. பிறகு முனகல். வெளியே வந்தவனிடம், உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன். ‘ஒண்ணும் செய்யலீங்க, கழுவி விட்டேன்’ என்கிறான். மாட்டையா கழுவினான்?”

“வேற எப்படிச் சொல்லணும்?”

“‘பணிவிடை செய்தேன்’ என்று சொல்ல வேண்டும், சாமி. ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அந்தச் சொல் அவன் வாயில் வந்ததில்லை. செய்கிறவன் சொல்லமாட்டானா? ஒன்றும் செய்யவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான்!”

அடிகளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முனகல் என்ற பேச்சு மனதில் தங்கிவிட்டது. வாய் பேச முடியாதவரை, ஊர் பேர் தெரியாத ஒருவனிடம், சாத்திய கதவுக்குள் விட்டுவைத்திருக்கிறோமே என்று இருந்தது. தானும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு உறுத்தியது.

சடையனைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா கதவச் சாத்துற?”

“அவருதாங்க சாத்தச் சொன்னாரு.”

புலவர் கைதட்டினார். “கேட்டீர்களா? பேச்சு வராதவர் சொன்னாராம்!”

சடையன் தரையைப் பார்த்தபடி நின்றான். திருட்டுமுழி என்று சொன்னால் சொல்லலாம்.

“நாளைக்கு நீங்களே பாருங்க, புலவரே” என்றார் அடிகள். “நடந்ததை நோட்டுல எழுதிக் கொண்டாங்க. இவன் மேல தப்பு இருந்தா, பொழுது சாயறதுக்குள்ள போயிருவான்.”

சடையன் கிளம்பினான். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான். “முதுகுப் புண்ணு மேல கை பட்டுறாமப் பாத்துக்கங்க. கத்துவாரு.”

“புண்ணா? புண் எப்படி வந்தது?” என்று புலவர் பின்னாலேயே போனார்.

மறுநாள் காலை சடையன் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். பெரியசாமியின் அறைக்கு நேர் எதிரே அந்த மரம். எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்தில் அது அப்படியே தெரிந்தது, பாவம்.

புலவர் பத்து மணிக்கெல்லாம் ஓடி வந்தார். வேட்டி நனைந்திருந்தது. கையில் நோட்டு.

“குற்றம் வெளிப்பட்டுவிட்டது, சாமி!”

“படிங்க.”

“‘இன்று காலை யான் பெரியசாமிகளுக்குப் பணிவிடை செய்தேன்.’”

“இருங்க. இதுல எழுவாய் எது?”

புலவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “யான்.”

“செய்யப்பட்டது?”

“பணிவிடை.”

“பெரியசாமி எங்க இருக்காரு?”

“நான்காம் வேற்றுமையில் இருக்கிறார். ‘கு’ உருபு.”

“சௌகரியமா இருக்காரா?”

புலவர் விழித்தார். வாக்கியத்தை மறுபடி பார்த்தார். பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை.

“அடுத்த வரி படிங்க.”

“‘யான் பணிவிடை செய்துகொண்டிருக்கையில், அவர் கண்ணீர் மல்க இடக்கையை உயர்த்தி வாசலைச் சுட்டினார். மீண்டும் மீண்டும் சுட்டினார். வாசலுக்கு நேரே மரத்தடியில் இருந்தவன் சடையன்.’ இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாயில்லாதவர் கையால் காட்டிக்கொடுத்துவிட்டார்!”

அடிகளின் முகம் இறுகியது. மூட்டையோடு உட்கார்ந்திருப்பவனை இந்த நிமிடமே விரட்டிவிடலாம் போல் இருந்தது.

“வாசல்ல சடையன் மட்டுந்தான் இருந்தானா?”

“அவன் மட்டுமா! மடத்தார் எல்லோரும் நின்றார்கள். பூக்கட்டும் பெண்கள் இருவரும்கூட. நான்தான் வரவழைத்தேன். நாளை ஒருவன் என்மேல் ஐயம் கொள்ளக்கூடாதல்லவா? கதவை அகலத் திறந்து வைத்தே செய்தேன்.”

“அவர் கையைக் காட்டினப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?”

“குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கை காட்டியதும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.”

“இடுப்புல துணி இருந்துச்சா?”

“குளிப்பாட்டும்போது துணி ஏது, சா—”

புலவர் பெரியசாமியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஓடினார். நோட்டு, அடிகள் உருவிக்கொண்டிருந்த கீரை மேல் விழுந்தது. அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடக்கூடாது, ஆனாலும் ஓடினார்.

வேப்பமரத்தடியில் மூட்டை மட்டும் கிடந்தது. அறைக்கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே தாழ்ந்த குரலில் ஒருவன், “சாத்திட்டேன் சாமி, சாத்திட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏழெட்டுப் பேர் இன்னும் வாசலில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: “உள்ள என்னதான் நடக்குது, ஐயா?”

புலவர் கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘பணிவிடை’ என்ற அந்தச் சொல் வரவில்லை.

“போங்க,” என்றார். “எல்லாரும் போங்க.”