சிவந்தியின் இடுப்பு

மலைக்காட்டில் ஒரு பலா மரம். அதன் உச்சியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டி முசுறு எறும்புகள் வாழ்ந்தன. அடிமரத்தில் மண்குழாய் கட்டிக் கரையான்கள் வாழ்ந்தன. இரண்டு கூட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம்!

ஒருநாள் பெருமழை. சிவந்தி என்ற எறும்பு வழுக்கி விழுந்தது. உடைந்திருந்த மண்குழாய்க்குள் புகுந்துகொண்டது. உடம்பெல்லாம் ஈர மண்.

அங்கே காவல் நின்ற பெருமண்டைக் கரையானுக்குக் கண் கிடையாது. மீசையால் தடவி முகர்ந்தது.

"யாரு?"

"நா... நான்தான்!"

"நம்ம மண்ணு வாசனைதான் அடிக்குது. ஏன் சும்மா நிக்கிற? போய் ஓட்டையை அடை!"

சிவந்திக்கு ஒன்றும் புரியவில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்று மண் சுமந்தது. மழை விட்டதும் வீட்டுக்கு ஓடியது.

கூட்டு வாசலில் கடுக்கி, முடுக்கி என்று இரண்டு காவல் எறும்புகள் நின்றன.

"ஐயோ, கரையான்! பிடி!"

"அக்கா, நான் சிவந்தி! உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே! என் இடுப்பைப் பாருங்க, நூல் மாதிரி இல்ல? கரையானுக்கு ஏது இடுப்பு?"

கடுக்கி குழம்பிப்போனது. "பேச்சு சிவந்தி பேச்சு மாதிரி இருக்கே..."

"இடுப்பும் அவ இடுப்புதான். ஆனா வாசனை கரையான் வாசனை!" என்றது முடுக்கி. "காலங்காலமா மோந்துதானே ஆளைச் சொல்றோம்? இன்னைக்கு என்ன புதுசாப் பாக்குறது? கடி!"

இரண்டும் பாய்ந்து கடித்தன. பாவம் சிவந்தி, ஒரு காலைப் பறிகொடுத்துக் கீழே குதித்தது. ஆனால் அதன் மேலிருந்த மண் கடித்தவற்றின் வாயில் ஒட்டிக்கொண்டது.

கூட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த எறும்புகள் கடுக்கியை முகர்ந்தன. "அட, இங்கேயும் கரையான்!" அதைக் கடித்தன. கடித்தவற்றின் மேலும் அதே வாசனை ஏற, சண்டை கூட்டுக்குள்ளும் பரவியது. யார் எறும்பு, யார் கரையான்? ஒன்றுக்கும் தெரியவில்லை. தெரியாமலே கடித்தன.

மறுநாள் இலையில் தேங்கிய நீரில் மண்ணெல்லாம் கழுவிக்கொண்டு, சிவந்தி நொண்டி நொண்டி வந்தது. வாசலில் ஒற்றை மீசையோடு முடுக்கி மட்டும் நின்றது. முகர்ந்து பார்த்துத் துள்ளியது.

"நம்ம வாசனை! வாடி சிவந்தி! நேத்து எங்க போன? கூட்டுக்குள்ள புகுந்த கரையானை ஒண்ணு விடாம ஒழிச்சுட்டோம்!"

சிவந்தி உள்ளே எட்டிப் பார்த்தது. கூடு முழுக்கப் பிணங்கள். எல்லாவற்றுக்கும் நூல் மாதிரி இடுப்பு. குவியலின் மேலே கிடந்தது கடுக்கி.

கண்ணில்லாதவன் ஏமாந்தால் பகையாளி பிழைத்துப் போவான். கண்ணிருந்தும் பார்க்காதவன் ஏமாந்தால் சொந்த வீடே அழிந்து போகும்.