ஈப்புலி வலையை அறுத்த கதை

அந்தக் காலத்தில் சிலந்திகளுக்குக் கண் இருந்ததெல்லாம் பேருக்குத்தான். எட்டையும் அகலத் திறந்து வைத்தாலும் வெளிச்சம் எது, நிழல் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதற்காக ஒரு சிலந்தியாவது கவலைப்பட்டதா என்றால், இல்லை. எல்லாப் பிராணிகளும் வாய் திறந்து பேசிய காலம் அது. ஆனாலும் சிலந்திகள் உலகத்தைத் தெரிந்துகொண்டது நூலால்தான். காலை நூலில் வைத்தால் போதும், வந்திருப்பது காற்றா, கொசுவா, விருந்தாளியா என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வீடு ஒரு தட்டு உண்டு. கல்யாணம் ஆனதும் புருஷன் தன் தட்டைப் பெண்டாட்டிக்குப் பழக்கிவிடுவான். வெளியே போனவன் திரும்பி வந்தால் வலை ஓரத்தில் நின்று அதைத் தட்ட வேண்டும். அவள் பதில் தட்டிய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். தட்டாமல் வந்தவன் கட்டிய புருஷனே ஆனாலும் இரைதான். முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் வழக்கம் அந்தக் குலத்திலேயே கிடையாது.

தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில், ஓர் உடைமரத்துக்கும் அதன் அடியில் நின்ற எருக்கஞ்செடிக்கும் நடுவே வலை கட்டிக் குடியிருந்தாள் வெயிலாள் என்கிற சிலந்தி. அவள் புருஷன் கொம்பையா. இளவயதில் ஒரு குளவியிடம் மாட்டித் தப்பியதில் அவனுக்கு முன்னங்கால் ஒன்று நுனி மழுங்கிப் போயிருந்தது. அதனால் அவன் தட்டே தனி ரகம். டக், டக் என்று இரண்டு தட்டு, அப்புறம் சர்ர்ர் என்று ஓர் இழுவை. அதைக் கேட்டால் வெயிலாளுக்குச் சிரிப்பு வரும்.

"வாசல்ல நின்னு சொறிஞ்சுக்கிட்டு இருக்காதீங்க, உள்ள வாங்க" என்பாள்.

வெயிலாள் முட்டையிட்டு, பட்டுப்பை பின்னி, எருக்கிலை ஒன்றின் அடியில் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகள் வெளியே வரும் நாள் நெருங்கிவிட்டது. பையில் காலை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று அசைவது தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து, இரை தேடி மணல்மேட்டுப் பக்கம் போன கொம்பையா திரும்பி வரவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று அவள் நூலில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் முப்பிடாதி வந்தாள். முப்பிடாதி கட்டெறும்பு. எருக்கந்தண்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அன்றைக்கு ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றாள்.

"மதினி, சொன்னா நீ தாங்கமாட்ட. சொல்லாமப் போகவும் மனசு வரல."

"என்னட்டி, சொல்லு."

"மணல்மேட்டுல அண்ணன் காலு கெடந்துச்சு. கறுப்பும் வெள்ளையுமாப் பட்டை போட்ட காலு இந்தக் காட்டுல வேற யாருக்கு இருக்கு? நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். வயித்துப்பாடு, தப்பா நெனைக்காத. ஆனா அந்த மழுங்கின காலு மட்டும் இல்ல மதினி. எங்க ஆளுக மணலையே கெளறிப் பாத்துட்டாக."

வெயிலாள் நூலை இறுகப் பிடித்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வலை அதிர்ந்தது.

டக், டக், சர்ர்ர்.

"கேட்டியா?" என்று கத்தினாள் வெயிலாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "செத்தவன்தான் வாசல்ல வந்து தட்டுதானாக்கும்? போட்டி, போய் உன் சோலியப் பாரு!"

முப்பிடாதி போகவில்லை. மீசைக்கொம்பு இரண்டையும் கீழே நீட்டி மோந்து பார்த்தாள்.

"அண்ணன் வாசனை வருது மதினி, இல்லங்கல. ஆனா எங்க ஆளுக வாசனையும் சேர்ந்து வருது. காணாமப் போனவுக வாசனை. எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடிவிட்டாள்.

வெயிலாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசையாகப் பதில் தட்டினாள். கொம்பையா உள்ளே வரவில்லை. திரும்பவும் டக், டக், சர்ர்ர்.

"பசியா இருக்கீகளா? ஈ ஒண்ணு உங்களுக்குன்னு கட்டி வச்சிருக்கேன்."

டக், டக், சர்ர்ர்.

"மேல வர முடியலையா? அடி பட்டிருக்கா? நான் எறங்கி வரட்டுமா?"

டக், டக், சர்ர்ர்.

பாதி வலை இறங்கியவள் அப்படியே நின்றாள். பசியோடு வந்தால் கொம்பையா அவசரமாகத் தட்டுவான். களைத்து வந்தால் இழுவை நீளும். ஏதாவது கோபம் என்றால் இரண்டாவது தட்டில் நூலே அறுந்துவிடும் போலிருக்கும். உயிருள்ளவன் ஒரு தரம் தட்டியது மாதிரி இன்னொரு தரம் தட்டமாட்டான். இது மயிரிழை பிசகாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. புருஷன் செத்துத்தான் போனான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மெல்ல ஓர் அடி பின்னால் வைத்தாள். கீழே நின்றதும் ஓர் அடி நகர்ந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. அவள் கால் எங்கே படுகிறது என்பதை அவள் கட்டிய வலையே அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் போகலாம் என்று எருக்கிலைப் பக்கம் திரும்பினாள். அடுத்த தட்டு அந்த இலைக் காம்பிலிருந்து வந்தது.

இனி யோசிக்க நேரமில்லை. வெயிலாள் தன் வலையைத் தானே கடித்தாள். நங்கூரம் மாதிரி இழுத்துக் கட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தள்ளினாள். வீடும் அதுதான், சோறும் அதுதான், காதும் அதுதான். ஒரே ஒரு நூலை விட்டுவைத்தாள். அதன் ஒரு முனை பிள்ளைகள் இருந்த இலையில், மறுமுனை அவள் வயிற்றில். மற்ற வலை சுருண்டு விழுந்ததும் அவளைச் சுற்றி உலகமே செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அறிந்ததில்லை.

எட்டுக் கண்ணிலும் இருந்த கொஞ்சநஞ்ச ஒளியை முன்னால் இருந்த இரண்டுக்குத் திரட்டினாள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு அந்த நேரத்தில் எது முடியும், எது முடியாது என்று யார் கண்டது! அந்த இரண்டு கண்ணும் வீங்கிப் பெருத்தன. மற்ற ஆறும் அசைவு தெரிந்தால் போதும் என்று ஒதுங்கிக்கொண்டன.

அவள் வாழ்நாளில் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்த முகம் கொம்பையாவுடைய முகம். இத்தனை நாள் இவரோடு குடித்தனம் நடத்தியும் இவர் இப்படி இருப்பார் என்று தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். ஆனால் அந்த முகத்துக்குள் ஒன்றும் இல்லை. சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு முகம் இருந்தது. ஒடுங்கிய முகம், வளைந்த அலகு. உறிஞ்சிப் போட்ட எறும்புகளின் வெற்றுடம்புகளையெல்லாம் முதுகில் ஒட்டிச் சுமந்துகொண்டு, மேலே கொம்பையாவின் கூட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றது ஒரு பூச்சி. அதன் பிடியில் ஒரு மழுங்கின கால்.

வலைதான் போய்விட்டதே. அப்படியும் அது நிறுத்தவில்லை. வெறும் இலையில் தட்டியது. டக், டக், சர்ர்ர்.

அதுவரை எந்தச் சிலந்தியும் தாவியதில்லை. வெயிலாள் தாவினாள். அதன் பிடரியில் விழுந்து கடித்தாள். இரண்டும் கட்டிப்புரண்டு இலையிலிருந்து சரிந்தன. அவளை அந்த ஒற்றை நூல் பிடித்து நிறுத்தியது. அது மட்டும் சுமையோடு மணலில் போய் விழுந்தது.

செத்ததா? யாருக்கும் தெரியாது. விடிந்ததும் முப்பிடாதியின் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். மழுங்கின கால் மட்டும் கிடந்தது. கண்டதையெல்லாம் தின்னக் கொண்டுபோகிற எறும்புகள் அதை மட்டும் தின்னவில்லை. தூக்கி வந்து வெயிலாளின் முன்னால் வைத்துவிட்டுப் போயின. அப்போதுதான் அவள் அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் வலை கட்டவே இல்லை. பசித்தால் பதுங்கிப் போய் ஈயின் மேல் பாய்ந்தாள். அதைப் பார்த்துத்தான் எறும்புகள் ஈப்புலி என்று பேர் வைத்தன. பையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் முன்னால் இரண்டு பெரிய கண்.

மூத்த மகள் ஆளானதும் ஒரு பையன் பெண் கேட்டு வந்தான். பாவம், பழைய வழக்கப்படி இலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"தட்டாத!" என்று வெயிலாள் போட்ட சத்தத்தில் அவனுக்கு உயிரே போய்விட்டது. "வெளிச்சத்துக்கு வா. கையத் தூக்கு. அந்தப் பக்கம் நட. இந்தப் பக்கம் நட. உன் முதுகைத் தூக்கிக் காட்டு."

பையன் கையைத் தூக்கினான், பக்கவாட்டில் நடந்தான், முதுகைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். தாயும் மகளும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அன்று முதல்தான் ஈப்புலி வலை கட்டுவதில்லை. ஒரு நூலை ஒட்டிவைக்காமல் தாவுவதும் இல்லை. ஆண், பட்டப்பகலில் கைதூக்கி ஆடிக் காட்டாமல் பெண்ணை நெருங்குவதில்லை. உங்கள் வீட்டுச் சன்னல் ஓரத்தில் அதன் பக்கத்தில் போய் நின்றால், ஓடாமல் திரும்பி உங்கள் முகத்தையே பார்ப்பதும் அன்று முதல்தான். கொஞ்சம் அசையாமல் நில்லுங்கள். உங்கள் முகம் உங்களுடையதுதான் என்று அதற்குத் தெரிய வேண்டும்.