கீழே கிடக்கிறவர்

கொற்றனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அன்றைக்கு வினையாகிப் போனது.

கள்ளியூருக்கும் ஓடையூருக்கும் நடுவே இருந்த குருகுலத்தில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படித்தார்கள். அந்த ஊர்களின் சண்டையைப் பற்றிய பாடத்தை மட்டும் நடுகல் முன்னால் நின்றுதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். குரு அதைச் சீடன் கொற்றனிடம் விட்டார். அவன் பிள்ளைகளைக் கள்ளியூர்க் கல்லுக்கு அழைத்துப் போனான். மாடு மீட்கப் போய்ச் செத்த அவனுடைய சொந்த அண்ணனுக்கு நட்ட கல் அது.

கல்லில் அண்ணன் வேலோடு நின்றான். காலடியில் ஒருவன் விழுந்து கிடந்தான்.

"கீழே கிடக்கிறவர் யாரு?" என்று ஓடையூர்ச் சிறுமி வெண்ணி கேட்டாள்.

"மாட்டுத் திருடன்."

அது அவளுடைய அப்பன் என்று கொற்றனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் சொன்னான்.

மறுநாள் ஓடையூர்ப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. வெண்ணியின் தாய்மாமன்தான் வந்தார், கையில் அரிவாளோடு.

"எங்க மச்சானைத் திருடன்னு சொன்னவன் எவன்?"

கொற்றன் குருவின் பின்னால் ஒதுங்கினான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"ஐயா, அவங்க நம்ம மாட்டை ஓட்டிட்டுப் போனது பொய்யா?"

"பொய்யில்லை," என்றார் குரு.

"அதுக்கு முன்னாடி நீங்க கள்ளியூர்க்காரங்க குளத்தை அடைச்சீங்களே, அது?" என்றார் தாய்மாமன். "எங்க கன்னுக்குட்டியெல்லாம் நாக்கு வறண்டு செத்துச்சே."

கொற்றன் குருவைப் பார்த்தான்.

"அதுவும் பொய்யில்லை." குரு துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, ஓடையூருக்குப் போவோம். பாடம் பாதியில நிக்குது."

"அங்க போனா என்னை வெட்டிப் போட்டுடுவாங்க ஐயா."

"போட்டாலும் போடலாம்," என்று சொல்லிவிட்டுக் குரு நடந்தார். வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் போனான்.

ஓடையூர் எல்லையில், அதே சண்டையில் செத்த வெண்ணியின் அப்பனுக்கும் ஒரு கல் இருந்தது. ஊரே கூடிவிட்டது. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கல்லில் வெண்ணியின் அப்பன் வில்லோடு நின்றான். அவன் காலடியிலும் ஒருவன் கிடந்தான். இடது காதில் மட்டும் கடுக்கன். கொற்றனின் அண்ணன் அப்படித்தான் போட்டிருந்தான். கொற்றனுக்கு ஆத்திரம் பொங்கியது, கண்ணும் நிறைந்தது.

"இங்க நான் என்னத்தைச் சொல்றது ஐயா?"

குரு போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக, வெண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீழே கிடக்கிறவர் யாருன்னு நேத்து அவ கேட்டா. இன்னிக்கு நீ கேளு."