கரையில் நின்று கேட்ட யானை

ஆம்பல் மடுவில் தவளைகள் குடியிருந்தன. சுற்றிலும் அடர்ந்த காடு. தண்ணீர் குடிக்க யார் வந்தாலும் கரையில் நின்று, "வரலாமா?" என்று கேட்பது அந்தக் காட்டு வழக்கம்.

"வாங்க, வாங்க!" என்று தவளைகள் குரல் கொடுக்கும். "இன்னிக்கு இந்தப் பக்கம் புதைசேறு. மருதமரத்துப் பக்கமா இறங்குங்க!" என்று வழியும் சொல்லும். சேறு நாளுக்கு ஓர் இடம் மாறும். அது தவளைகளுக்குத்தான் தெரியும்.

இந்த வழக்கம் சிலுப்பி என்ற காட்டுப்பன்றிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"மடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா? கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல!" என்று சொல்லிப் பாய்ந்து இறங்கும். குறுக்கே நிற்கிற மானை முட்டித் தள்ளும்.

"அக்கா, ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்கக் கூடாதா? எங்க பிள்ளைங்க மிதிபடுதே!" என்றது நுணலி என்ற தவளை.

"தவளை தன் வாயால கெடும்! தெரியுமில்ல? மூடு வாயை!"

கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடமா வேண்டும்? சிலுப்பியைப் பார்த்து மானும் முட்டியது. குரங்கும் தள்ளியது. கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "நேரமில்ல!" அவ்வளவு அவசரமாகப் போய் என்ன செய்தன என்கிறீர்களா? மரத்தடியில் படுத்துத் தூங்கின!

கேட்பார் இல்லாத இடத்தில் தவளைகள்தான் யாருக்கு வழி சொல்லும்? அவையும் வாயை மூடிக்கொண்டன.

கோடை வந்தது. மடு வற்றிச் சேறு பெருகியது. ஒரு பிற்பகலில் சிலுப்பி, உருண்டை என்ற தன் குட்டியோடு வந்தது. தாயைப் போலவே உருண்டையும் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்த இடம் புதைசேறு!

"அம்மா! காலு வரமாட்டேங்குது!"

வயிறு வரை புதைந்துவிட்டது. சிலுப்பி ஓர் அடி வைத்தது. அதன் காலும் உள்ளே போனது. அலறிக்கொண்டு பின்வாங்கியது.

"ஏய் மானே! வந்து இழு!" என்று கத்தியது.

"எனக்கு நேரமில்ல!" என்று மான் போய்விட்டது.

"ஏய் தவளை! நீயாவது ஏதாச்சும் செய்யேன்!"

"என் அளவுக்கு நான் என்னக்கா செய்வேன்!" என்று நுணலி அழுதது. சேறு உருண்டையின் கழுத்துக்கு வந்தது. சிலுப்பிக்கு உயிரே போவதுபோல் இருந்தது.

அப்போது தரை அதிர்ந்தது. மூங்கில்கள் விலகின. மலை தாண்டி யானைக்கூட்டம் ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் நாக்கு வறண்டிருந்தது. முன்னால் வந்தது மாதங்கி என்ற பெண் யானை. அப்பப்பா! அதன் நிழலிலேயே பாதி மடு மறைந்தது.

'தொலைந்தோம்! மிதித்துக்கொண்டு இறங்கப் போகிறது!' என்று சிலுப்பி கண்ணை மூடியது.

மாதங்கி கரையில் நின்றது. அதன் பின்னால் அத்தனை யானைகளும் நின்றன. கன்றுகள்கூட முண்டவில்லை.

"வரலாமா?" என்று மாதங்கி கேட்டது.

சிலுப்பி கண்ணைத் திறந்தது. இத்தனை பெரிய உடம்பு, ஒரு விரல் நீளத் தவளையிடம் கேட்கிறதா? தன் காதையே அதனால் நம்ப முடியவில்லை.

நுணலி தாவி முன்னே வந்தது. "வாங்க தாயே! வலப்பக்கம் சேத்துக்கடியில பாறை இருக்கு. அதுல காலை வைங்க!"

மாதங்கி மெல்லக் காலைத் தூக்கியது. தலைப்பிரட்டைகள் விலகும்வரை காலை அந்தரத்திலேயே வைத்திருந்தது. பிறகுதான் ஊன்றியது. அங்கிருந்து பார்த்தால் உருண்டையின் மூக்கு மட்டும் சேற்றுக்கு மேல் தெரிந்தது. மாதங்கி தண்ணீரைத் தொடவில்லை. சிலுப்பியின் பக்கம் திரும்பியது.

"அம்மா, உங்க பிள்ளையைத் தொடலாமா?"

ஒரு மரத்தையே பிடுங்கும் தும்பிக்கை, அனுமதிக்காகக் காத்து நிற்கிறது! பிறந்ததிலிருந்து சிலுப்பி யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, அதனிடமும் யாரும் கேட்டதில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"தொடுங்க தாயே! உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

தும்பிக்கை நீண்டது. பூப்பறிப்பதுபோல் உருண்டையைத் தூக்கித் தாயின் காலடியில் வைத்தது. உருண்டை தும்மியது. உயிர் இருந்தது!

மாதங்கி தவளைகளைப் பார்த்தது. "தண்ணியைக் கலக்கிட்டேன். பொறுத்துக்குங்க" என்றது. அப்புறம்தான் குடித்தது.

சிலுப்பி பிள்ளையை அணைத்தபடி அண்ணாந்து பார்த்தது. காட்டிலேயே தான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்த அந்தப் பன்றிக்கு, அன்றுதான் பெரிய ஆள் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

பலம் பெருகப் பெருகப் பணிவும் பெருகுகிறவரே பெரியவர்.