விழுந்த காரணமும் அடுத்த ராஜாவும்

மேலைக்கோட்டையை அதிவிக்கிரமராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஆண்டது அரண்மனைக் கம்ப்யூட்டர். கோட்டைக் கதவைத் திறப்பது அது, ஏரி மதகை மூடுவது அது, விசேஷ நாளில் ராஜா நுழையும்போது அவர் பட்டங்களை முழங்குவதும் அதுவே. ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்காதீர்கள். கதை என்னுடையது, நான் வைத்தால் இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் மூன்று முறை செத்து விழுந்தது. மூன்றாம் முறை, பட்டத்து யானை பாதி உள்ளே, பாதி வெளியே. கோட்டைக் கதவு தானாக மூடிக்கொண்டது. யானைமேல் இருந்தவர் ராஜா. அப்புறம் கேட்கணுமா?

"இன்னொரு முறை விழட்டும்! காரணமானவர் யாரோ அவரை நாடு கடத்துவேன். காரணம் தெரியவில்லை என்றால் உன்னைக் கடத்துவேன்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பூரணவல்லியிடம் கத்தினார்.

"மகாராஜா, விழும் நேரத்தில் மெமரியில் என்ன இருந்ததோ, அதை அப்படியே எழுதி வைத்துவிட்டு விழச் செய்யலாம். படித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அந்த வசதி கெர்னலிலேயே இருக்கிறது" என்றாள். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது. உள்ளே அதுதான் ராஜா.

"இருந்தால் போட்டுவிட வேண்டியதுதானே?"

மந்திரி சம்புகேசர் குறுக்கே புகுந்தார். பூரணவல்லியின் வேலைமேல் அவருக்கு ஒரு கண். மைத்துனன் ஒருத்தன் வீட்டோடு வந்து சும்மா தின்றுகொண்டிருந்தான். "மகாராஜா, அதற்கு இருப்பது ஒரே சுவிட்ச். அதைப் போட்டால் இன்னொன்றும் சேர்ந்தே நடக்கும். இந்தக் கெர்னல் விழுந்ததும் ஆட்சியைப் பிடிக்க, இன்னொரு கெர்னல் பக்கத்திலேயே தயாராக உட்கார்ந்திருக்கும். ராஜா இருக்கும்போதே அடுத்த ராஜா! நம் அரண்மனையில் இப்படி ஒரு பழக்கமா?"

இளவரசருக்கு முப்பது வயது. 'அடுத்த ராஜா' என்ற பேச்சே ராயருக்கு ஆகாது. "கூடவே கூடாது!" என்றார்.

"இரண்டையும் தனித்தனிச் சுவிட்சாகப் பிரித்துவிடுகிறேன் மகாராஜா. ஒரு வாரம் போதும்" என்றாள் பூரணவல்லி.

"பிரிப்பதாவது!" என்ற மந்திரி, அங்கேயே ஓலை எழுதி நீட்டினார். 'விழுந்ததன் காரணம் அறிவதும், அடுத்தவரை அமர்த்துவதும் ஒன்றே. ஒன்று வேண்டாமெனில் மற்றதும் வேண்டாம். இது அரண்மனைச் சட்டம்.' ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார்.

விகடகவி அவிநாசி மட்டும் அதை இரண்டு முறை படித்தார். கம்ப்யூட்டர் என்ற பேச்சே அதில் இல்லை. அழுதுகொண்டு போன பூரணவல்லியிடம், "நீ போய்ச் சுவிட்சைப் பிரித்து வைம்மா. ஓலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து ராஜா ஒரு முழுப் பலாப்பழத்தை ஒரு கை பார்த்தார். அடுத்த நாழிகையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே சாய்ந்தார். வைத்தியர் ஓடிவந்து நாடி பார்க்கக் குனிந்தார்.

"தொடாதீர் ஓய்!" என்று தடுத்தார் அவிநாசி.

ராஜா தலையைத் தூக்கிப் பார்த்தார். வாசலில் இளவரசர். பொற்கொல்லர் ஒருவர் நூல் வைத்து அவர் தலையை அளந்துகொண்டிருந்தார்.

"என்னடா இதெல்லாம்?"

"தாங்கள் விழுந்துவிட்டீர்கள் மகாராஜா. ஏன் விழுந்தீர்கள் என்று பார்ப்பதானால் அடுத்தவரை அமர்த்தணும். தாங்கள் முத்திரை போட்ட சட்டம்."

"அட பாவி! எனக்கு அடுத்த ராஜா வேண்டாம்!"

"அப்படியானால் வைத்தியரும் வேண்டாம். நீர் கிளம்பும் ஓய்."

"ஐயோ, வயிறு வலிக்கிறதடா!"

"வலிப்பது தெரிகிறது. காரணமும் தெரியணுமா? இளவரசே, கொஞ்சம் கிட்டே வாருங்கள்."

இளவரசர் ரொம்பப் பணிவாக, ரொம்ப வேகமாகக் கிட்டே வந்தார்.

"நில்லுடா அங்கேயே! நாடி பார்ப்பது வேறு, முடி சூட்டுவது வேறு! எந்த முட்டாள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான்?"

அவிநாசி ஓலையை நீட்டினார். ராயர் தன் முத்திரையைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். ஓலையை இரண்டாகக் கிழித்துப் போட்டார். அப்புறம் வைத்தியர் நாடி பார்த்து, பலாப்பழம்தான் என்றார்.

மறுநாளே பூரணவல்லி, சுவிட்சைப் பிரித்து வைத்திருந்த புதுக் கெர்னலை ஏற்றினாள். அடுத்ததை அமர்த்தும் சுவிட்சை அணைத்தாள், எழுதி வைக்கும் சுவிட்சை மட்டும் போட்டாள். ஆடிப்பெருக்கன்று, நிறைந்த சபையில், ராஜா நுழையும்போது கம்ப்யூட்டர் நாலாம் முறை விழுந்தது. இந்த முறை எழுதி வைத்துவிட்டு விழுந்தது.

"யார் அந்தக் குற்றவாளி? வாசி!"

பூரணவல்லி படித்துப் பார்த்தாள். இரண்டடி பின்வாங்கினாள். அவிநாசி அதை வாங்கி உரக்க வாசித்தார்.

"மெமரியில் இருந்தவை, மகாராஜாவின் பட்டங்கள் பதினோராயிரத்து நாற்பது. எழுதிக்கொடுத்தவர் மந்திரி. தினமும் புதிதாகக் கேட்டவர் மகாராஜா. வேறு எதற்கும் இடமில்லை. கடைசியாக நுழைந்து கம்ப்யூட்டரைச் சாய்த்த பட்டம், 'புகழ்ச்சியை வெறுத்த பெருமான்.'"

நாடு கடத்துவேன் என்று கத்திய ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பயப்படாதீர்கள் மகாராஜா" என்றார் அவிநாசி. "கடத்த வேண்டியது அந்தப் பதினோராயிரத்து நாற்பதையும்தான். அதுகள் போனால் மிச்சம் இருப்பது நீங்கள். நீங்கள் தாராளமாக இங்கேயே இருக்கலாம்."

ராயர் திருதிருவென்று விழித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பூரணவல்லிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். பட்டங்களை இனி மந்திரியே தன் வாயால் முழங்கவேண்டும், அதுவும் ஒரே மூச்சில் எத்தனை முடியுமோ அத்தனைதான் என்று உத்தரவு போட்டார்.

சபை கலைந்ததும் அவிநாசியை ஓரமாகக் கூப்பிட்டார். "எழுதி வைப்பதெல்லாம் நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அதைச் சபையில் உரக்க வாசிப்பதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொல். அதை அணைத்தே வைத்திருப்போம்."

"வாசித்தது கம்ப்யூட்டர் இல்லையே மகாராஜா" என்றார் அவிநாசி, கையைக் கட்டிக்கொண்டு. "வாசித்தது நான். எனக்கு ஏது சுவிட்ச்?"